முப்பது டிகிரிக்கு ஒரு பானை

நடந்தவை, வரிசைப்படி:

1. ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டை வெளியே எடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது.
2. கோடையில் திரும்பத் திரும்ப முயன்றேன். துண்டு வெளியே வரவில்லை.
3. குறை என் கையில் இருக்கிறது என்று ஆய்வுக் குழு சொன்னது. வேலையைப் பெருநகர ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிவிடச் சொன்னது.
4. அனுப்ப மாட்டேன் என்றேன்.
5. குறை கையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன்.
6. ஒரு மண்பானை வாங்கினேன்.
7. துண்டு வெளியே வந்தது.
8. பானையைப் பற்றி எழுதாதே என்றார்கள்.

எட்டாவது இன்னும் முடியவில்லை. அதனால்தான் மற்ற ஏழையும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் கல்லூரி அருப்புக்கோட்டையில், பஞ்சு மில்களைத் தாண்டி இருக்கிறது. நான் திருச்சுழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். அங்கே அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என் அடையாள அட்டையில் ஆராய்ச்சி மாணவி என்று போட்டிருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா, "காலேஜுல வேலை பாக்குது" என்று சொல்லிவிடுவார். அப்படிச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி வராது.

தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா ஒன்றை உருவாக்குவது எங்கள் திட்டம். எங்கள் பக்கத்தில் சில போர்வெல் தண்ணீரில் அது கூடுதல். என்னோடு பள்ளியில் படித்த பிள்ளைகள் சிலர் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார்கள். வெட்கத்தால் அல்ல, பல்லில் இருக்கும் பழுப்புக் கோட்டால். ஈ. கோலை என்ற சாதாரணக் குடல் பாக்டீரியாவிடம், உள்ளே வரும் ஃபுளோரைடை வெளியே தள்ளும் ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்துவிட்டால், கொஞ்சம் ஃபுளோரைடு வந்தாலும் அதற்கு உறைக்கும். அப்படி எடுத்த பாக்டீரியா எங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்தது.

ஆனால் எடுத்த இடம் காலியாக இல்லை. கனமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். எந்த செல்லில் மாற்றம் நடந்தது, எதில் நடக்கவில்லை என்று பிரித்தறிய வைக்கும் அடையாளம் அது. மருந்து கலந்த வளர்ப்புத் தட்டில் பிழைத்தால் மாறிய செல், செத்தால் மாறாத செல். வேலை முடிந்ததும் அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அதுதான் என் பொறுப்பு. எடுக்க இரண்டு காரணங்கள். ஒன்று, அடுத்து நான் உள்ளே அனுப்பவேண்டிய, ஃபுளோரைடு வந்தால் நிறம் காட்டவைக்கும் டி.என்.ஏ.வுக்கும் அதே கனமைசின்தான் அடையாளம். இரண்டும் ஒன்றாக இருந்தால் எதுவும் புரியாது. இரண்டு, ஊர்த் தண்ணீரைச் சோதிக்கப்போகிற ஓர் உயிருக்குள் மருந்தை எதிர்க்கும் மரபணுவை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. திட்ட அறிக்கையில் முதல் காரணம்தான் இருக்கிறது. நான் உழைத்தது இரண்டாவதற்காக.

எடுக்கும் முறை இது. அடையாள மரபணுவின் இரு பக்கமும் ஒரே டி.என்.ஏ. எழுத்து வரிசையுள்ள இரண்டு சிறு குறிகளை முன்கூட்டியே வைத்திருப்பார்கள். ஒரு நொதியை செல்லுக்குள் அனுப்பினால், அது அந்தக் குறிகளை மட்டும் தேடிப் பிடிக்கும். இரண்டையும் அருகருகே இழுத்து, இரண்டிலும் வெட்டி, முனைகளை மாற்றி ஒட்டும். நடுவில் இருந்த துண்டு வளையமாகக் கழன்றுவிடும். குறிகளில் ஒன்று மட்டும் தழும்பு மாதிரி நிற்கும். லட்சக்கணக்கான எழுத்துகளில் வேறு எந்த இடத்தையும் அந்த நொதி தொடாது.

அம்மா கல்யாணத்துக்கு முன் மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருந்தவர். நூலில் தடிப்பு வந்தால் அந்த இயந்திரம் தடிப்பின் இரு பக்கமும் அறுத்து எறிந்துவிட்டு, முனைகளை முடிச்சில்லாமல் பிணைத்துவிடும். அதைச் சொல்லித்தான் அவருக்கு விளக்கினேன்.

"அப்ப மிஷினுதான எல்லாம் செய்யுது. நீ என்ன செய்யுற?"

"மிஷினை உள்ள அனுப்புறேன்."

"அதுக்கா இம்புட்டு வருஷப் படிப்பு?" என்று கேட்டுவிட்டு அம்மா வெங்காயம் உரிக்கப் போனார்.

இந்த வித்தையை மனிதர்கள் கண்டுபிடிக்கவில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் சில, அதன் டி.என்.ஏ.வில் குறித்த ஓர் இடத்தில் நுழைந்து ஒட்டிக்கொண்டு பல தலைமுறை பேசாமல் இருக்கும். சமயம் வந்தால் அதே இடத்தில் கழன்று வெளியேறும். குடல் நோய் தரும் சால்மோனெல்லா பாக்டீரியாவுக்கு இன்னொரு வழி. குறிகள் இரண்டும் ஒரே திசையைப் பார்த்தால் நடுத்துண்டு விழும். எதிரெதிரே பார்த்தால் விழாது, தலைகீழாகத் திரும்பும். அப்படி ஒரு துண்டைத் திருப்பிப் போட்டு, தான் நீந்தப் பயன்படுத்தும் இழையின் புரதத்தையே அது மாற்றிக்கொள்ளும். நேற்று அதை அடையாளம் கண்ட உடலின் நோய் எதிர்ப்புக் காவல் இன்று ஏமாறும். என்னிடம் இருந்தது ரொட்டி புளிக்கவைக்கிற ஈஸ்ட்டிடமிருந்து எடுத்த நொதி. பாக்டீரியாவுக்குள் போனாலும் தன் வேலையை மறக்காத நொதி. பயிரில் அடையாள மரபணுவை நீக்குகிறவர்களும், எலியின் ஏதோ ஓர் உறுப்பில் மட்டும் ஒரு மரபணுவை நிறுத்துகிறவர்களும் இதன் பங்காளிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நொதியைத் தனியாக உள்ளே அனுப்புவதில்லை. அதைத் தயாரிக்கும் மரபணுவை ஒரு சிறிய வட்ட டி.என்.ஏ.வில் ஏற்றி அனுப்புவோம். பிளாஸ்மிட் என்று அதற்குப் பெயர். இந்தப் பிளாஸ்மிட் ஆம்பிசிலின் என்ற வேறொரு மருந்தைத் தாங்கும். அதைக் கொண்டு எந்த செல்லில் ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இதற்கு இன்னொரு குணமும் உண்டு. முப்பது டிகிரியில் நன்றாகப் பெருகும். அதற்கு மேல் சூடு ஏற ஏறத் தன்னைப் பிரதி எடுக்க முடியாமல் தொலைந்துபோகும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் நாற்பத்திரண்டு டிகிரியில் வைத்தால் வெட்டிய கத்திரியும் போய்விடும், சுத்தமான செல் மிஞ்சும். நல்ல ஏற்பாடு. சூடு என்பது நாமாகக் கொடுத்தால்தான் வரும் என்றிருக்கிற ஊர்களில் நல்ல ஏற்பாடு.

பங்குனியில் ஆரம்பித்தேன். பிளாஸ்மிட்டை செல்லுக்குள் செலுத்தி, ஆம்பிசிலின் கலந்த தட்டில் பரப்பி, இன்குபேட்டர் பெட்டியில் முப்பது டிகிரியில் வைத்தேன். மறுநாள் தட்டு வெறுமையாக இருந்தது. திரும்பச் செய்தேன். வெறுமை. செல்களைப் புதிதாகத் தயாரித்தேன். ஆம்பிசிலின் புதிதாகக் கரைத்தேன். தட்டுகளைப் புதிதாக ஊற்றினேன். ஒருமுறை ஓரத்தில் இரண்டு புள்ளிகள் முளைத்தன. அவற்றை எடுத்து ஆம்பிசிலின் கலந்த திரவத்தில் விட்டால் வளரவில்லை.

ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே ஒரு சாதாரணப் பிளாஸ்மிட்டையும் அதே செல்களில் ஏற்றினேன். ஒப்பீட்டுக்காகச் செய்வது. அது முப்பத்தேழு டிகிரிக்காரன். ஒவ்வொரு முறையும் தட்டு நிறைய முளைத்தது.

சித்திரையில் ஆய்வுக் குழு கூடியது. என் வழிகாட்டி மேடம், துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர். பேராசிரியருக்குப் பெருநகரத்தில் சொந்த ஆய்வகம். அவர் வரும் அன்று மட்டும் எங்கள் கருத்தரங்க அறையில் ஏசி ஓடும்.

நான் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, "இது ரொட்டீன் வேலைம்மா. எங்க லேப்ல எம்.எஸ்சி. பசங்க பண்றாங்க" என்றார்.

"ஒப்பீட்டுப் பிளாஸ்மிட் ஒவ்வொரு தடவையும் ஏறுது சார். செல்லும் சரியா இருக்கு, செலுத்துற விதமும் சரியா இருக்கு. இது ஒண்ணுதான் ஏறல."

"அது ஈசியான பிளாஸ்மிட். யார் பண்ணினாலும் ஏறும். இதுக்குக் கை பழகணும்." மேடம் பக்கம் திரும்பினார். "அந்த பாக்டீரியா ஸ்ட்ரெயினை எனக்கு அனுப்பிருங்க. ஒரு வாரத்துல முடிச்சு அனுப்புறேன். இவங்க தண்ணி சாம்பிள் சேகரிக்கிற பகுதியைப் பாக்கட்டும். ஊர் ஊராப் போறது இவங்களுக்கு வசதிதானே."

அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். துண்டை வெட்டி எடுத்து, ஃபுளோரைடைக் காட்டும் செல்லை உருவாக்குவதுதான் என் ஆய்வேட்டின் முதன்மை அத்தியாயம். அது கைமாறினால் என்னிடம் மிஞ்சுவது பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் வேலை. ஆய்வேட்டில் என் பெயர் இருக்கும். நான் செய்தது என்று சொல்ல அதில் எதுவும் இருக்காது.

"நானே இங்க செய்யுறேன் சார்" என்றேன்.

"எதுக்கும்மா பிடிவாதம்?"

"வேலை எனக்குக் கொடுத்தது சார்."

துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆடியில் கூடும் அடுத்த கூட்டம் வரை எனக்கு அவகாசம், அதற்குள் முடியாவிட்டால் அனுப்பிவிடுவது என்று முடிவானது.

மேடம் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். அவர் காரியாபட்டிக்காரர், கோபம் வந்தால் கல்லூரிப் பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்துவிடும். "ஏம்மா, அவுக கேட்டா சரின்னு சொல்லிட்டுப் போயிருக்க வேண்டியதுதான? உன் பேரும் சேந்து வரும்ல."

"சேந்து வர வேணாம் மேடம்."

"எம்புட்டுத் திமிரு உனக்கு."

"திமிருதான் மேடம். கையில குறைன்னு சொல்லிட்டுப் போறாரு. எந்தக் கையிலன்னு பாத்துட்டுத்தான் விடுவேன்."

அன்றைக்கு மதியமே புதிய தட்டுகளை எடுத்துக்கொண்டு இன்குபேட்டரிடம் போனேன். எங்கள் இன்குபேட்டர் பழைய இரும்புப் பெட்டி. முன்னால் ஒரு திருகு, ஒரு சிவப்பு விளக்கு. வேண்டிய டிகிரியில் திருகை வைத்தால் விளக்கு எரியும். உள்ளே அந்தச் சூடு வந்ததும் அணையும். விளக்கு அணைந்திருந்தால் சரியாக இருக்கிறது என்று முதல் வருடமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

திருகு முப்பதில் இருந்தது. விளக்கு அணைந்திருந்தது. கோபத்தில் இருந்ததால் எதையாவது திருக வேண்டும் போலிருந்தது. இருபத்தைந்துக்கு இறக்கினேன். விளக்கு எரியவில்லை, அது இயல்பு. முப்பத்து மூன்றுக்கு ஏற்றினேன். எரியவில்லை. முப்பத்தைந்து. எரியவில்லை. முப்பத்தேழு தாண்டி, முப்பத்தெட்டைத் தொட்ட பிறகு எரிந்தது.

பிறகு ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நட்டு, திருகை முப்பதில் வைத்து, கதவை மூடினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். முப்பத்தெட்டு.

அந்தப் பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும். குளிர்விக்கத் தெரியாது. அறை இருபது டிகிரியில் இருக்கும் ஊரில் முப்பது கேட்டால் பத்து டிகிரி சூடேற்றிக் கொடுக்கும். எங்கள் அறை கல்நார்க் கூரைக்குக் கீழே முப்பத்தெட்டில் இருந்தது. இரவிலும் பெரிதாக இறங்காது. பெட்டி செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது. அது சும்மா இருந்ததை நாங்கள் அத்தனை பேரும் சரியாக இருக்கிறது என்று படித்தோம். மற்ற வேலைகளெல்லாம் முப்பத்தேழில் நடப்பவை. ஒரு டிகிரி கூடினாலும் அவை முளைக்கும். என்னுடைய பிளாஸ்மிட் மட்டும் இரவு முழுவதும் வெந்து, தொலைந்துபோய்க்கொண்டிருந்தது.

மேடத்தைக் கூட்டிவந்து காட்டினேன். திருகை அவரே முன்னும் பின்னும் திருகிப் பார்த்தார்.

"இத்தன வருசமா யாரும் பாக்கலையா?"

"முப்பதுல யாரும் கோடையில வைக்கல மேடம்."

"குளுர வைக்கிற இன்குபேட்டருக்கு எழுதிப் போடுவோம்" என்றார். அது எப்போது வரும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆடிக்குள் வராது என்பது இருவருக்கும் தெரியும்.

எனக்கு இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். கருவி அறையின் ஏசி பழுதாகிக் கிடந்தது. கருத்தரங்க அறை ஏசியைக் கேட்டதற்கு அலுவலகத்தில், "கிருமியைக் கொண்டாந்து அங்க வைக்கவா? அதுல பிரின்சிபால் உக்காருறாக" என்றார்கள். கார்த்திகை வரை காத்திருக்கலாம், குழு காத்திருக்காது.

என்னோடு ஆராய்ச்சி செய்யும் தோழி ஒரு வழி சொன்னாள். நரிக்குடிக்காரி, குதிரைவாலியில் வேலை செய்கிறவள். ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் எல்லாரையும் ஏலே என்பாள்.

"ஏலே, எங்க அண்ணன் மில்லு டெஸ்டிங் ரூமுல இருக்குல்ல. நூலைச் சோதிக்க ராவும் பகலும் ஏசி ஓடுது. கைப்பையில வச்சுக் கொண்டுபோவோம். காலையில எடுத்துட்டு வந்துருவோம். எவனுக்குத் தெரியும்?"

"மரபணு மாத்துன கிருமி. லேபை விட்டு வெளிய போகக் கூடாது."

"ஒரு ராத்திரிக்குத்தான?"

"ஒரு ராத்திரி வெளிய கொண்டுபோறவளா இருந்தா, நேரா அந்த சாருக்கே பார்சல் பண்ணியிருப்பேனே."

"அப்பத் தட்டுக்கு விசிறிக்கிட்டு உக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விசிறி என்றதில்தான் எனக்கு வழி திறந்தது. எங்கள் காற்று காய்ந்த காற்று. ஈரம் எதில் இருந்தாலும் உடனே உறிஞ்சிவிடும். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் அறையைவிடப் பத்து டிகிரி குறைவாக நிற்பதற்கு இந்தக் காய்ந்த காற்றே காரணம். பானைத் தண்ணீர் இருபத்தெட்டில் நின்றால், அதை முப்பதுக்கு ஏற்ற மீன்தொட்டியில் போடும் சிறு ஹீட்டர் போதும். அதாவது, சூடாக்க மட்டுமே தெரிந்த கருவிக்கு முதலில் குளிர்ந்த ஓர் இடத்தைக் கொடுக்க வேண்டும். இன்குபேட்டர் எங்களிடம் கேட்டதும் அதைத்தான். எங்களால் கொடுக்க முடியவில்லை.

முதலில் தாழ்வாரத்தில் கிடந்த பழைய குடிநீர்ப் பானையை எடுத்தேன். முப்பத்து நாலுக்குக் கீழே இறங்க மறுத்தது. பானையின் வெளிப்புறம் முழுக்க வெள்ளை உப்பு. எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு மண்ணின் துளைகளை அடைத்துவிட்டிருந்தது. வியர்க்காத பானை குளிராது.

புதிதாக ஒன்றைத் திருச்சுழியில் வாங்கினேன். வர்ணம் பூசாதது, வாய் அகலமானது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

"பிரேக்கு அடிச்சா நான் பொறுப்பில்ல" என்றார் கண்டக்டர்.

பக்கத்து சீட்டில் இருந்த அக்கா பானையைத் தட்டிப் பார்த்தார். "நல்ல பானைதான். மோர்ப் பந்தலா?"

"இல்லக்கா. காலேஜுக்கு."

"காலேஜுல தண்ணி கூடவா வைக்க மாட்டேங்கிறாக?"

"வைக்கிறாக. இது கிருமி வளக்க."

அந்த அக்கா பானையிலிருந்து கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார். அருப்புக்கோட்டை வரை என்னோடு பேசவில்லை.

பானையை நன்றாக ஊறவைத்து, நிரப்பி, ஈரச் சாக்கைச் சுற்றி, ஆய்வக மூலையில் ஒரு மின்விசிறிக்கு எதிரே வைத்தேன். மீன்தொட்டி ஹீட்டரை உள்ளே தொங்கவிட்டேன். தட்டுகளைத் தண்ணீரில் போட முடியாது. அதனால் இறுக்கமாக மூடும் எவர்சில்வர் சம்படம் ஒன்றில் அடுக்கி, மேலே எடைக்கல் வைத்து அமிழ்த்தினேன். எடைக்கல் அப்பாவின் கடையிலிருந்து வந்தது. கடையில் மின்தராசு வந்த பிறகு அது சும்மாதான் கிடந்தது. பானையைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டி, உயிரியல் ஆபத்துக் குறியைப் போட்டேன். வேலை முடிந்த தண்ணீரை பிளீச்சிங் கலந்து ஒருநாள் வைத்துவிட்டுத்தான் ஊற்றுவேன். விதியை மீறாத பானை அது.

தோழி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னலே இது, பழைய சோறா?"

"தட்டு."

"ஊறுகாய் கொண்டாரவா?"

"உன் குதிரைவாலியக் கொண்டா. கூழு காச்சுவோம்."

முதல் நாள் தட்டில்லாமல் தெர்மாமீட்டரை மட்டும் வைத்தேன். மறுநாள் காலை முப்பது. இடையில் மின்சாரம் போய் வந்திருந்தது. தண்ணீர் அதிகம் என்பதால் பானை அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் நாளும் முப்பது. அதன் பிறகு பிளாஸ்மிட்டைச் செலுத்தி, ஆம்பிசிலின் தட்டில் பரப்பி, சம்படத்தை இறக்கினேன்.

மறுநாள் மூடியைத் திறந்தபோது தட்டில் வெளிர் மஞ்சளாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். நான் எண்ணவில்லை. நிறைய இருந்தன, அது போதும். கையைப் பற்றிப் பேசியவரை அந்த நிமிடம் நினைத்துக்கொண்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த படி நாற்பத்திரண்டு டிகிரி. அதற்கு இன்குபேட்டரிடமே போனேன். திருகினேன், விளக்கு எரிந்தது. சூடாக்கு என்றால் அது ஒழுங்காகச் செய்யும். அங்கே ஓர் இரவு வளர்ந்தவற்றில் ஒவ்வொரு புள்ளியையும் பல்குச்சி நுனியால் தொட்டு மூன்று தட்டுகளில் வைத்தேன்: மருந்தில்லாத தட்டு, ஆம்பிசிலின் தட்டு, கனமைசின் தட்டு. வேலை நடந்திருந்தால் முதல் தட்டில் மட்டும் முளைக்க வேண்டும். ஆம்பிசிலினில் முளைக்காவிட்டால் கத்திரி போய்விட்டது. கனமைசினில் முளைக்காவிட்டால் துண்டு கழன்றுவிட்டது.

முதல் தட்டில் எல்லாக் கட்டங்களிலும் முளைத்திருந்தது. மற்ற இரண்டிலும், ஓரிரண்டு பிடிவாதக்காரர்கள் தவிர, ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் வெறும் தட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள், அன்று வெறும் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மேடத்துக்குக் காட்டினேன். அந்த இடத்தின் டி.என்.ஏ.வைப் பெருக்கி, நீளம் பார்க்கும் ஜெல்லில் ஓட்டியபோது பட்டை கீழே இறங்கியிருந்தது. நீளமாக இருந்தது குட்டையாகிவிட்டது. எழுத்துகளைப் படிக்க வெளியே அனுப்பினோம். செல்லை அனுப்பவில்லை, சுத்தம் செய்த டி.என்.ஏ.வை மட்டும். முடிவு வந்தது: கனமைசின் மரபணு இருந்த இடத்தில் தழும்பு மட்டும். மேடம் அதை இரண்டு முறை படித்தார். "சரிதான்" என்றார். அதற்கு மேல் பாராட்டும் பழக்கம் அவருக்கில்லை.

ஆடியில் குழு கூடியது. பேராசிரியர் ஜெல் படத்தை நெருக்கமாகப் பார்த்தார்.

"சுத்தமா வந்திருக்கே. எங்க குடுத்துப் பண்ணினீங்க?"

"எங்கயும் குடுக்கல சார். இங்கதான்."

"கூலிங் இன்குபேட்டர் வந்திருச்சா?"

கூட்டிப்போய்க் காட்டினேன். ஈரச் சாக்கில் கையை வைத்துப் பார்த்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். சிரித்தார். கேலிச் சிரிப்பு அல்ல. அவருக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அத்தியாயம் இங்கேயே, என்னிடமே இருக்கட்டும் என்று அங்கேயே சொன்னார். கை பழகுவது பற்றி எதுவும் சொல்லவில்லை.

பிறகு நாற்காலிக்குத் திரும்பியதும் சொன்னார்: "எழுதும்போது, முப்பது டிகிரியில் வளர்க்கப்பட்டதுன்னு மட்டும் போட்டுருங்க. பானை வேண்டாம்."

"ஏன் சார்?"

"வெளிநாட்டு எக்ஸாமினர் ஒருத்தர் படிப்பாரும்மா. இன்குபேட்டர் கூட இல்லாத லேப்னு நினைப்பார். நம்ம மானம்தானே போகும்."

"இன்குபேட்டர் இருந்துச்சு சார். அது முப்பத்தெட்டுல இருந்துச்சு. பானை முப்பதுல இருந்துச்சு. எதை எழுதுனா மானம் போகும்?"

துறைத் தலைவர் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொய் எழுதச் சொல்லலைம்மா" என்றார் அவர். "முப்பது டிகிரிங்கிறது உண்மைதானே?"

"உண்மைதான் சார். ஆனா அதை மட்டும் படிச்சுட்டு ஒருத்தி திருகை முப்பதுல வைப்பா. தட்டு வெறுமையா இருக்கும். உன் கை சரியில்லைன்னு யாராவது அவகிட்டச் சொல்லுவாங்க."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மேசையைப் பார்த்தார்.

கூட்டம் முடிந்த பிறகு மேடம் சொன்னது: "ஒரே ஒரு வரி. அதுக்குப் போயா மல்லுக்கு நிக்கிற? ஜெயிச்சாச்சுல்ல, விடேன்."

நான் ஜெயிப்பதற்காக இதைச் செய்யவில்லை என்றேன். கொஞ்சம் அதற்காகவும்தான் என்று மனதுக்குள் திருத்திக்கொண்டேன். ஆனால் அந்த வரி என்னைப் பற்றியது அல்ல. நாங்கள் கையில் வைத்திருக்கும் செய்முறைகள் எல்லாவற்றிலும் அறை வெப்பநிலை என்று ஒரு சொல் வரும். யாருடைய அறை என்று எந்தச் செய்முறையும் சொல்வதில்லை. குளிர் ஊரில் எழுதியவர் தன் அறையைச் சொல்கிறார். நாங்கள் எங்கள் அறையில் அதைச் செய்து பார்த்து, வராவிட்டால் எங்களையே குறை சொல்லிக்கொள்கிறோம். வேலை நடந்த அறை எது என்று ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும். பானையின் வாய் அகலம், ஈரச் சாக்கு, ஹீட்டர், அறையின் சூடு, காற்றின் வறட்சி, உப்புப் படிந்த பானை உதவாது என்பது எல்லாம் சேர்த்து அந்தப் பகுதியை எழுதினேன். ஒரு வரி இப்போது ஒரு பத்தியாகிவிட்டது. மேடத்திடம் கொடுத்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வரிய எடுக்கச் சொன்னா, நீ பத்து வரி சேத்துருக்க."

"ஆமா மேடம்."

இன்றைய நிலை இது. கனமைசின் மரபணு நீங்கிய பாக்டீரியா அருப்புக்கோட்டையில் எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. வெளியே எங்கும் போகவில்லை. அடுத்த பிளாஸ்மிட்டை அதில் ஏற்றியாகிவிட்டது. ஊர்த் தண்ணீரோடு சோதனை இன்னும் தொடங்கவில்லை. அத்தியாயம் என்னுடையது. அதன் செய்முறைப் பகுதியில் பானை இருக்கிறது. மேடம் அந்தப் பக்கத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நான் பானையை எடுக்கவில்லை.